பக்கவாதத்துக்குப் பின் அப்பா, அம்மா வீடு திரும்பும்போது: பிசியோ இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியவை

பக்கவாதம் வந்தவரோடு பிசியோதெரபிஸ்ட் இருப்பது நாளைக்கு ஒரு மணி நேரம். நல்ல மறுவாழ்வு மையம் என்றால் மூன்று மணி நேரம். மீதி நேரமெல்லாம் அவர் வீட்டார் கையில்தான் இருக்கிறார். எப்படிப் படுக்கவைக்கிறீர்கள், எங்கே பிடித்துத் தூக்குகிறீர்கள், எந்தப் பக்கம் நின்று பேசுகிறீர்கள் என்பதெல்லாம் சிகிச்சைதான். தேறி வருகிறவரை மறுபடி படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் மூன்று விஷயங்கள்: தோள்வலி, புரையேறி வரும் நிமோனியா, கீழே விழுவது. மூன்றையும் பெருமளவு தடுக்க முடியும்.

மூளையின் இடப்பாதியில் அடைப்போ ரத்தக்கசிவோ ஏற்பட்டால் வலது கை கால் விழும். பேச்சும் பெரும்பாலும் கூடவே போகும். வலப்பாதியில் என்றால் இடது கை கால் விழும். பேச்சு இருக்கும், ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்தில் இல்லாமல் போகலாம். கவனிக்கும் முறை இரண்டுக்கும் வேறு என்பதால் உங்கள் வீட்டில் எது என்பதை டாக்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையுமே தவிர, நின்றுவிடாது. "ஆறு மாசம் ஆச்சு, இனிமேல் வராது" என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். அதே நேரம், முதல் நாளே எழுப்பி நடக்கவைக்கும் அவசரமும் வேண்டாம். 2015-ல் வெளியான அவெர்ட் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிக அளவு பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட 3 மாத முடிவில் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி என்பதே ஆரம்ப நாட்களுக்குச் சரி.

டிஸ்சார்ஜுக்கு முன்

டிஸ்சார்ஜ் தாளில் மருந்துப் பட்டியல் இருக்கும். நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை வேறு. விழுங்கும் சோதனை செய்தார்களா? தண்ணீரை அப்படியே கொடுக்கலாமா, கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டுமா? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா? சிறுநீர்க் குழாய் இருந்தால் எந்தத் தேதியில் எடுப்பார்கள்? ரத்த அழுத்தம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை எது, எத்தனை நாளைக்கு?

நாற்காலிக்கு மாற்றுவதை பிசியோ செய்து காட்டுவதைப் பார்த்தால் மட்டும் போதாது. அவர் பக்கத்தில் நின்று பார்க்க, நீங்களே செய்யுங்கள். பார்க்கும்போது எளிதாகத் தெரிவது, முழு எடையும் கையில் வரும்போது வேறாக இருக்கும்.

வீட்டில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பட வேண்டும். உயரம் அதற்கேற்ப இருக்கட்டும். மிதியடி, தரைவிரிப்பு, வழியில் கிடக்கும் வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கழிவறையில் அவருடைய நல்ல கை எட்டும் பக்கம் கைப்பிடி, குளிக்க உறுதியான நாற்காலி, இரவில் கட்டிலிலிருந்து கழிவறை வரை வெளிச்சம் வேண்டும். வீல்சேரின் வெளி அகலத்தை அளந்து வாசற்படி அகலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

படுக்கவைக்கும் முறை

மல்லாந்து படுக்கும்போது தலைக்கு ஒரு தலையணை போதும். பாதித்த பக்கத் தோள்பட்டை எலும்புக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று வையுங்கள். அந்தக் கை உடம்பைவிட்டுச் சற்று விலகி, தலையணைமேல் விரல்கள் நீண்டு கிடக்கட்டும். கால் வெளிப்பக்கம் சாய்ந்து விழாதபடி இடுப்பின் ஓரத்தில் சுருட்டிய துண்டு ஒன்று. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் இருக்க, கெண்டைக்காலுக்கு அடியில் மெல்லிய தலையணை.

பாதித்த பக்கமாகப் படுக்கவைக்கப் பலரும் பயப்படுகிறார்கள். முறையாகச் செய்தால் அதுவும் நல்லதே. உடம்பின் எடை அந்தப் பக்கத்தில் அழுந்துவதால் மூளைக்கு உணர்வு போகும். ஒரே நிபந்தனை: தோளை முன்பக்கம் கொண்டுவந்து, எடை தோள்பட்டை எலும்பின்மேல் விழும்படி வைக்க வேண்டும். மூட்டின் நுனியில் விழுந்தால் வலி வரும். முன்னே கொண்டுவரும்போதும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகுப்புறம் கைவைத்துத் தோள்பட்டை எலும்பையே நகர்த்துங்கள். நல்ல பக்கமாகப் படுத்தால், மார்புக்கு முன்னால் தடித்த தலையணை வைத்து அதன்மேல் பாதித்த கையை முன்னே நீட்டிவிடுங்கள். பாதித்த காலை மடக்கி இன்னொரு தலையணைமேல் வையுங்கள், பாதம் அந்தரத்தில் தொங்கக் கூடாது.

தானாகப் புரள முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். புரட்டும்போது இடுப்புக்குப் பின்புறம், குதிகால், கணுக்கால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் எடையை மட்டும் அங்கிருந்து எடுத்துவிட்டுக் கவனித்து வரலாம். அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் படுக்கவே விடாமல் நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, வீக்கம், கெட்டித்தன்மை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையமும் வேண்டாம், அது சுற்றியுள்ள தோலுக்கு வரும் ரத்தத்தை நெரிக்கும்.

தோள்: வீட்டில் அதிகம் கெடுவது

தோள் மூட்டை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதே சுற்றியுள்ள தசைகள்தான். அவை செயலிழந்ததும் கையின் எடை மூட்டைக் கீழே இழுக்கிறது. தோள் நுனிக்குக் கீழே விரல் வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். இந்த நிலையில் யாராவது அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாலோ மூட்டைச் சுற்றியுள்ள நார்கள் காயப்படும். அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். வலிக்குப் பயந்து அவர் எந்தப் பயிற்சிக்கும் ஒத்துழைக்க மாட்டார். நலம் விசாரிக்க வருகிறவர்கள் அன்பாகக் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவதும் இதில் சேரும். கட்டிலுக்கு மேலே "இந்தக் கையை இழுக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உட்காரும்போது கை மடியிலிருந்து நழுவித் தொங்கவே கூடாது. மேசைமேலோ வீல்சேரில் பொருத்தும் பலகைமேலோ முழங்கை வரை தாங்கியிருக்கட்டும். கழுத்தில் மாட்டும் ஸ்லிங் நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டுமே. நாள் முழுக்க மாட்டினால் முழங்கை மடங்கியபடியே இறுகிவிடும். கையை உயர்த்திப் பயிற்சி கொடுக்கும்போது, பிசியோ கற்றுத்தராத வரை தோள் உயரத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். அதற்கு மேல் போக, தோள்பட்டை எலும்பும் கூடவே சுழல வேண்டும், உள்ளங்கை மேல்நோக்கித் திரும்ப வேண்டும். அப்படிச் செய்யாமல் தூக்கினால் இரண்டு எலும்புக்கும் இடையில் தசைநார் நசுங்கும். தலைக்கு மேல் கப்பி மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்துப் பாதித்த கையை உயர்த்தும் பயிற்சி கெடுதல் செய்வது இதனால்தான்.

புறங்கை வீங்கி, சூடாகி, தொட்டாலே வலித்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே பார்த்தால் அடக்கிவிடலாம்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு

1. வீல்சேரை அவருடைய நல்ல பக்கத்தில், கட்டிலுக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கும் போட்டு, கால்தாங்கிகளை விலக்குங்கள். அவருக்குக் குதிகால் மூடிய, வழுக்காத ஷூ போடுங்கள். வெறும் சாக்ஸ் கூடாது.

2. எழுந்து உட்கார்ந்ததும் ஓரிரு நிமிடம் அப்படியே இருக்கட்டும். முகம் வெளுக்கிறதா, தலைசுற்றுகிறதா என்று பாருங்கள். படுத்தே இருந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென இறங்கும்.

3. இடுப்பை இடமும் வலமுமாக நகர்த்தி ஓரத்துக்கு வரச் சொல்லுங்கள். பாதங்கள் தரையில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும்.

4. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். அவருடைய பலவீனமான முழங்காலை உங்கள் இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொள்ளுங்கள்.

5. மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனியச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றில் இருவரும் சேர்ந்து எழ வேண்டும்.

6. நின்று ஒரு மூச்சு விட்டபின், சின்னச் சின்ன அடியாகத் திரும்பட்டும். கால்களின் பின்பக்கம் நாற்காலியில் பட்ட பிறகு, நல்ல கையால் கைப்பிடியைப் பிடித்து, முன்னால் குனிந்தபடியே மெதுவாக உட்காரட்டும்.

இதில் பெரும்பாலும் தவறுவது ஐந்தாவது படி. முன்னால் குனிந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அவர் பின்னால் சாய்வார். அப்போது முழு எடையும் உங்கள் இடுப்பில் வந்து விழும். குனிய மறுத்தால் தூக்காதீர்கள், மறுபடி உட்காரவைத்துத் தொடங்குங்கள். பாதி வழியில் அவர் சரிந்தால் இழுத்துப் பிடித்து நிறுத்தப் பார்க்காமல், உங்கள் காலோடு சறுக்கவிட்டுத் தரையில் மெதுவாக இறக்கிவிடுங்கள். ஓரளவு தேறியதும் பாதித்த பக்கமாகவும் மாறப் பழக்குங்கள், கழிவறையில் நாற்காலி எந்தப் பக்கம் நிற்கும் என்பது நம் விருப்பத்தில் இல்லை.

சட்டை போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பாதித்த கால் முன்னே.

சாப்பாடும் தண்ணீரும்

விழுங்கும் சோதனை முடியும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூட வாயில் விடாதீர்கள். பரிதாபப்பட்டு ஊற்றும் அந்த ஒரு வாய் நுரையீரலுக்குள் போகலாம். இருமல் வந்தால் தெரிந்துவிடும். ஆனால் தொண்டை உணர்வு மரத்துப்போனவர்களுக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கும். ஆகவே இருமவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. சாப்பிட்டபின் குரல் ஈரமாக, கரகரவென்று மாறுவது, மூச்சு வேகமாவது, காரணம் தெரியாத காய்ச்சல், ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வெகுநேரம் ஆவது ஆகியவையும் அறிகுறிகள்.

எல்லோரும் தண்ணீர்தான் எளிது என்று நினைப்பார்கள். உண்மையில் தண்ணீர்தான் கடினம். அது வேகமாக ஓடுவதால், மந்தமாகிவிட்ட தொண்டை மூடிக்கொள்வதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கெட்டியாக்கும் பொடி கலக்கச் சொல்வது இதற்காகவே. எவ்வளவு கெட்டி என்பதை, பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்வார், நீங்களாக மாற்றாதீர்கள்.

கொடுக்கும்போது அவர் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். படுக்கையில் பாதி சாய்ந்த நிலையில் வேண்டாம். நீங்களும் உட்கார்ந்து, அவர் கண்மட்டத்துக்குக் கீழிருந்து கொடுங்கள். நின்றுகொண்டு கொடுத்தால் அவர் அண்ணாந்து பார்ப்பார், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். ஒரு டீஸ்பூன் அளவு, நல்ல பக்க வாயில். தொண்டை மேலேறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். டிவி ஓடக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது. முடிந்ததும் பாதித்த பக்கக் கன்னத்துக்குள் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். அதன் பிறகு 30 நிமிடமாவது படுக்கவைக்காதீர்கள். பல் துலக்குவதைத் தினமும் விடாமல் செய்யுங்கள். வாயில் கிருமி குறைந்தால், எச்சில் உள்ளே போனாலும் நிமோனியா வரும் வாய்ப்பு குறையும். வாயால் சாப்பிடாதவருக்கும் இது பொருந்தும்.

மூக்கு வழிக் குழாய் இருந்தால், மூக்கருகே குழாயில் இருக்கும் குறியை ஒவ்வொரு முறையும் பாருங்கள். நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் நர்ஸை அழையுங்கள். ஊற்றும்போதும், பிறகு 30 முதல் 60 நிமிடம் வரையிலும், தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். டாக்டர் வேறு அளவு சொல்லாவிட்டால், முடிந்ததும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள்.

பயிற்சி: எண்ணிக்கைதான் வேலை செய்கிறது

பிழைத்த மூளைப் பகுதி புது இணைப்பு போட்டுக்கொள்ள, ஒரே செயலை நூற்றுக்கணக்கில் திரும்பச் செய்ய வேண்டும். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பயிற்சி அமர்வில் கையைக் கொண்டு செய்யும் செயல்கள் சராசரியாக 32 முறைதான் நடப்பதாகக் கணக்கிட்டார்கள். மீதியை வீட்டில் ஈடுகட்ட வேண்டும். அதற்காக ஒரே மூச்சில் செய்து களைப்படைய வேண்டாம். 10 நிமிடம் வீதம் நாளைக்கு ஐந்தாறு முறை போதும்.

வீட்டில் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், உட்கார்ந்து எழுவதையே தேர்ந்தெடுங்கள். பிசியோ அனுமதித்த பிறகு, உயரமான நாற்காலியில் தொடங்கி 5 முறை வீதம் நாளைக்கு நான்கு தடவை. எளிதானதும் நாற்காலி உயரத்தைக் குறையுங்கள். எல்லோரும் நல்ல காலிலேயே எடையைப் போட்டு எழுவார்கள். பாதித்த பாதத்தை மற்றதைவிடக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால், எடை அந்தக் காலுக்கு வந்தே தீரும்.

கையைப் பொறுத்தவரை, விரல் ஏற்கெனவே மடங்கி இறுகியவரிடம் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்லாதீர்கள். அவருக்குத் தேவை விரலை விரிக்கும் பயிற்சி: டம்ளரைப் பிடித்து விடுவது, துணியைத் தள்ளி விரிப்பது, மேசையில் கையைச் சறுக்கி ஒரு பொருளை எட்டுவது. அசைவே இல்லாத கைக்குக் கண்ணாடிப் பயிற்சி உண்டு. மேசை நடுவே கண்ணாடியை நிறுத்தி, பாதித்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்தபடி பிம்பத்தையே பார்க்க வேண்டும். நாளைக்கு 30 நிமிடம், சில வாரங்கள். மணிக்கட்டும் விரலும் ஓரளவு நிமிர்கிறவர்களுக்கு, நல்ல கையில் உறை மாட்டி, பாதித்த கையையே பயன்படுத்த வைக்கும் முறை பலன் தருவதை 2006-ல் எக்சைட் ஆய்வு காட்டியது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள் இரண்டு வாரம் அதைச் செய்தார்கள். விரலே விரியாதவருக்கு இதைச் செய்தால் விரக்திதான் மிஞ்சும். தெரபிஸ்டிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

நடக்கும்போது நீங்கள் நிற்க வேண்டிய இடம், பாதித்த பக்கத்தில் ஓரடி பின்னால். கைத்தடி நல்ல கையில். கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே இருக்க வேண்டும். வரிசை: தடி, பாதித்த கால், நல்ல கால். பாதம் தொங்கி விரல் தரையில் இடறினால் கணுக்கால் பட்டை மாட்டுவார்கள். முதல் நாள் அரை மணி நேரம் மாட்டிக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் பட்டையைச் சரிசெய்ய வேண்டும்.

இவற்றோடு, அன்றாட வேலைகளை அவரிடமே விடுங்கள். பட்டன் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகும், நீங்கள் போட்டால் பத்து நொடிதான். அவசரமில்லாத வேளைகளில் அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள்.

பேச்சு, கவனம், மனம்

பேச்சு போனவருக்கு அறிவு போகவில்லை. குழந்தையிடம் பேசுவதுபோல் பேசாதீர்கள், அவர் எதிரில் அவரைப் பற்றி மூன்றாமவரிடம் பேசாதீர்கள். அவருக்கு ஆமாம், இல்லை நம்பகமாக வருகிறதா என்று விடை தெரிந்த கேள்விகள் கேட்டுப் பாருங்கள். "நீங்கள் அப்பாவா?" "இது தலையணையா?" சிலருக்கு மனதில் இல்லை என்று இருக்கும், வாயில் ஆமாம் என்று வரும். அது தெரியாமல் வலி பற்றியும் மருந்து பற்றியும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேட்டு, பதிலுக்குப் பத்து நொடி காத்திருங்கள். காட்டத் தெரிந்தால் படம், சைகை எல்லாம் நல்லதே. சொல் வராதவருக்குப் பழைய பாட்டு வார்த்தையோடு வருவதுண்டு. அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் ஸ்பீச் தெரபிஸ்டுகள் இருக்கிறார்கள்.

இடப்பக்கக் கவனம் போனவர் தட்டில் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு முடித்துவிட்டேன் என்பார். முகத்தில் பாதி மட்டும் சவரம் செய்வார். பிடிவாதம் என்று கோபப்படாதீர்கள், அந்தப் பாதி அவருக்கு இல்லை. இடப்பக்கம் உட்கார்ந்து பேசுங்கள், அங்கே திரும்பிப் பார்க்கப் பழக்குங்கள், செய்தித்தாளின் இட ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு போட்டு அதைக் கண்டுபிடித்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அழைப்பு மணி, தண்ணீர், மூக்குக்கண்ணாடி ஆகியவை மட்டும் வலப்பக்கமே இருக்கட்டும். இவர்களுக்கு ஆபத்துணர்வும் குறைந்திருக்கும், தனியே எழுந்து விழுவார்கள்.

காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும் மூளைக் காயத்தின் விளைவாக இருக்கலாம். பேச்சை மாற்றினால் நின்றுவிடும். நிற்காத துக்கம், பயிற்சியில் வெறுப்பு, தூக்கமின்மை இருந்தால் அது மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது, மருந்துக்குக் குணமாகும். கடும் அசதியும் உண்மையானது. அதைச் சோம்பல் என்று நினைக்காமல், முக்கியப் பயிற்சிகளைத் தெம்பிருக்கும் வேளைக்கு மாற்றுங்கள்.

இறுக்கம் திடீரென்று கூடினால்

சில வாரங்களில் தளர்ந்திருந்த கை கால் இறுகத் தொடங்கலாம். மெதுவாக நீட்டி, அரை நிமிடம் பிடித்து விடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும். ஒரே நாளில் அதிகமானால் வேறெங்கோ தொந்தரவு என்று அர்த்தம்: சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், படுக்கைப்புண், உள்ளே வளர்ந்த நகம். முதலில் அதைத் தேடுங்கள். சிறுநீர்க் குழாய் எடுத்த பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், கழிவறைக்கு அழைத்துப்போனால் பெரும்பாலோருக்குக் கட்டுப்பாடு திரும்புகிறது.

மருந்தும் மறுபடி வரும் ஆபத்தும்

ரத்த அழுத்தத்தை நல்ல கையில் பாருங்கள். 5 நிமிடம் உட்கார்ந்திருந்த பிறகு, கை இதய மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துக் குறித்து வையுங்கள். பலருக்கு 130/80-க்குக் கீழே என்று இலக்கு வைப்பார்கள், உங்கள் டாக்டர் சொன்னதே கணக்கு. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைப் பல் பிடுங்கவோ வேறு சிகிச்சைக்கோ நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

வாய் கோணுவது, கையோ காலோ புதிதாக விழுவது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, நிலை தடுமாறுவது, இதுவரை வராத கடும் தலைவலி: இவற்றில் ஒன்று சட்டென வந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். சில நிமிடத்தில் சரியானாலும் போக வேண்டும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ போடாதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள்தான் போடப்படுகிறது. குழாய் விட்டு அடைப்பை எடுக்கும் சிகிச்சையை, அதற்குப் பொருத்தமான சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரை செய்கிறார்கள். கணக்கு தொடங்குவது நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாரோ பார்த்த நேரத்திலிருந்து. அந்த நேரத்தையும், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைக் கடைசியாக எப்போது போட்டார் என்பதையும் ஒரு தாளில் எழுதி, பழைய டிஸ்சார்ஜ் தாளோடு சேர்த்து எடுத்துப்போங்கள்.